விருந்தோ? வேலையோ?

(சங்கத்தின் ஆண்டு விழாவில், மகளிர் அரங்கில் இரு தோழியர் ஆற்றிய உரை)

 

மேடையில் நிற்பவர் இருவர், ஒலிபெருக்கியோ ஒன்று. ஆதலால் எங்களுள் ஒருத்தி பேசுவது, மற்றவள் அவள் மறந்ததை எடுத்துக் கொடுப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறோம். 'நாங்கள்' என்று சொல்லும்போது இருவரையும் கொள்ளுங்கள். 'எங்களுள் ஒருத்தி' என்று சொன்னால், அது எவள் என்று தயவு செய்து கேட்க வேண்டாம். அதற்குக் காரணம் உண்டு, பின்னர் விளங்கும்.

2023 ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்டு வரை நாங்கள் ஜெர்மனி நாட்டின் தென்மேற்கு மூலையில், பிரைபர்க் என்னும் நகரத்தில் தங்கியிருந்தோம். படிக்கப் போனோமா? இல்லை. அலுவலகம் எங்களை அனுப்பியதா? அதுவும் இல்லை. இரண்டு ஜெர்மானியக் குடும்பங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் போனோம். இச்செய்தி காலனியில் பரவிய நாளில், இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு பெரியம்மா எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று, "பெண்ணைப் பட்டம் வரை படிக்க வைத்தது, கடல் கடந்து போய்ப் பிறர் வீட்டுப் பிள்ளையைத் தூக்கவா?" என்று கேட்டார்கள். அவர்கள் எங்கள்பால் கொண்ட அன்பினால் கேட்ட கேள்வி அது. அன்று எங்களிடம் விடை இல்லை. இன்று அவ்விடையைச் சொல்லவே வந்திருக்கிறோம். ஆனால் அவ்விடை பெரியம்மாவுக்கு மட்டும் உரியதன்று. நம் அனைவருக்கும் உரியது.

முதலில் இவ்வேலையின் பெயரைச் சொல்லிவிடுகிறோம். 'ஓ-பேர்' என்று இதனை அழைக்கிறார்கள். பிரெஞ்சு மொழித் தொடர் அது. சரிசமமாக, இணையாக என்பது பொருள். இளம்பெண் ஒருத்தியோ இளைஞன் ஒருவனோ அயல்நாட்டுக் குடும்பம் ஒன்றில் தங்கி, குழந்தைகளைக் கவனித்து, சிறு வீட்டு வேலைகளில் கைகொடுத்து, அதற்கு ஈடாக உணவும் உறையுளும் கைச்செலவுப் பணமும் பெற்று, அந்நாட்டு மொழியைக் கற்றுக்கொள்வது இதன் நோக்கம். வேலைக்காரி என்ற நிலையில் அன்று, வீட்டாரில் ஒருத்தியாக, ஒரே மேசையில் அமர்ந்து உண்பவளாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அப்பெயர் வைத்தார்கள்.

ஜெர்மனியில் இதற்கு விதிகள் உண்டு. நாங்கள் சென்றபோது இருந்த விதிகளை அப்படியே சொல்கிறோம். விண்ணப்பிக்கும்போது 27 வயது நிறைந்திருக்கக் கூடாது. ஜெர்மன் மொழியில் தொடக்கநிலைத் தேர்ச்சி வேண்டும். கஸ்தூரிபா காந்தி மார்க்கில் உள்ள மாக்ஸ் முல்லர் பவனில் நாங்கள் மாதக்கணக்கில் படித்தது அதற்காகத்தான். ஒரு நாளைக்கு 6 மணிக்கு மேலும், வாரத்திற்கு 30 மணிக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் முழு ஓய்வு. நான்கு மாலைகள் சொந்தப் பொழுது. மாதத்தில் ஒரு ஞாயிறேனும் விடுமுறை. தனி அறை தர வேண்டும். மாதந்தோறும் 280 யூரோ கைச்செலவுக்கும், 70 யூரோ மொழி வகுப்புக்கும் தர வேண்டும். காப்புறுதிச் செலவு குடும்பத்தாருடையது. ஓராண்டு நிறைந்தால் நான்கு வார விடுப்பு. ஓராண்டுக்கு மேல் நீடிக்க இயலாது.

280 யூரோ என்பது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 25,000 ரூபாய். "இவ்வளவுதானா?" என்று எங்கள் தந்தையர் இருவரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். உண்மையே. பணம் சேர்க்க நினைப்பவர் இவ்வழியே போகலாகாது. விமானச் சீட்டும் நாங்களே வாங்கியதுதான்.

இனி ஒரு நாளின் நடப்பைக் கேளுங்கள். காலை ஆறரை மணிக்கு எழுவோம். குளிர்காலத்தில் அவ்வேளை நள்ளிரவுபோல் இருண்டிருக்கும். குழந்தைகளின் சிற்றுண்டிப் பெட்டியில் ரொட்டித் துண்டு, வெள்ளரி வில்லைகள், நறுக்கிய ஆப்பிள் ஆகியவற்றை அடுக்க வேண்டும். இட்லியும் தோசையும் சூடாகத் தட்டில் விழும் வீட்டில் வளர்ந்த எங்களுக்கு, காலையிலும் ரொட்டி, மாலையிலும் ஆறிய ரொட்டி என்பது முதல் மாதத்தில் பெருஞ்சோதனையாக இருந்தது. அங்கே பல வீடுகளில் நண்பகலில் மட்டுமே அடுப்பு எரிகிறது. இரவு உணவுக்கே 'மாலை ரொட்டி' என்று பெயர்.

மழை பெய்தால் குழந்தைகளை வீட்டில் அடைத்து வைப்பார்கள் என்று நினைத்தோம். மாறாக, இரப்பர் காலணியும், சேறு ஒட்டாத காற்சட்டையும் மாட்டி வெளியே அனுப்புகிறார்கள். அக்காற்சட்டையை மூன்று வயதுப் பிள்ளைக்கு மாட்டுவது மல்யுத்தம். ஒரு கால் நுழையும்போது மறுகால் வெளியே வரும்.

பள்ளிக்கூடம் தொடங்கும் முதல் நாளன்று, ஆறு வயதுக் குழந்தை தன் உயரத்தில் பாதி இருக்கும் கூம்பு வடிவக் காகிதப் பையில் இனிப்பும் எழுதுகோல்களும் நிறைத்துக் கட்டியணைத்துக்கொண்டு போகிறது. நம் விஜயதசமி நாளில் அரிசியில் எழுத்தறிவிப்பது எங்களுக்கு நினைவு வந்தது. ஆனால் சில வாரங்களுக்குப் பின், அதே குழந்தை தனியாகப் பள்ளிக்கு நடந்து செல்லத் தொடங்கியபோது எங்களுக்கு நெஞ்சு படபடத்தது. இங்கே காலனிப் பேருந்து நிறுத்தம் வரை பிள்ளையின் கையை விடாதவர்கள் அல்லவா நாம்? எங்களுள் ஒருத்தி முதல் நாள் மறைந்து மறைந்து பின்னாலேயே போய், பள்ளி வாசலில் அக்குழந்தையிடமே அகப்பட்டுக்கொண்டாள். "நான் தொலைந்து போகமாட்டேன், நீதான் தொலைந்து போவாய்" என்றது குழந்தை. அதுவும் உண்மைதான். ஊருக்குப் புதியவள் அவள் அன்றோ?

பகலில் வீடு ஒழுங்கு செய்தல், குழந்தைகளின் துணி துவைத்து மடித்தல், குப்பை பிரித்தல். குப்பை பிரிப்பது அங்கே ஒரு தனிப் படிப்பு. காகிதத்திற்கு ஒரு தொட்டி, காய்கறித் தோலுக்கு ஒன்று, எஞ்சியவற்றுக்கு ஒன்று, டப்பாக்களுக்கும் உறைகளுக்கும் தனி மஞ்சட்பை. கண்ணாடிப் புட்டிகளைத் தெருக்கோடிக்குக் கொண்டுபோய் நிறம் பார்த்துப் போட வேண்டும்; அதையும் ஞாயிற்றுக்கிழமை போடலாகாது, ஓசை எழும். ஞாயிறன்று கடைகளும் அடைத்திருக்கும். பால் வாங்க மறந்தால் மறந்ததுதான்.

வாரத்தில் இரு முற்பகல் மொழி வகுப்பு. ஆயினும் உண்மையில் எங்களுக்கு மொழி கற்பித்த ஆசிரியர்கள் அக்குழந்தைகளே. பெரியவர்கள் எங்கள் பிழையைப் பொறுத்துக்கொள்வார்கள், குழந்தைகள் பொறுக்கமாட்டார்கள். இரவில் கதைப் புத்தகம் படிக்கும்போது பால்விகுதியைத் தவறாகச் சொன்னால், பாதித் தூக்கத்திலும் திருத்தும். நிலா அம்மொழியில் ஆண்பால், கதிரவன் பெண்பால். "நிலாவை அவன் என்று சொல்" என்று மூன்று வயதுப் பிள்ளை எங்களைக் கடிந்துகொண்ட இரவுகள் பல.

இனிப் பயணங்களைச் சொல்கிறோம். எங்கள் இருவரின் ஓய்வு நாளையும் சனி, ஞாயிறாக ஒத்து வரும்படி கேட்டுக்கொண்டோம். 2023 மே முதல் ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில், டிராம், பேருந்து அனைத்திலும் செல்லத்தக்க மாதச் சீட்டு ஒன்று வழங்கப்பட்டு வந்தது. நாங்கள் இருந்த காலத்தில் அதன் விலை 49 யூரோ. விரைவு ரயிலில் ஏற முடியாது. நிலையந்தோறும் நின்று செல்லும் வண்டிதான். எங்களுக்கு அதுவே பெரும் பேறு. எலுமிச்சைச் சாதம் ஒரு பெட்டியில், வெந்நீர்க் குடுவையில் தேநீர். இவை இருந்தால் எங்கள் சனிக்கிழமை தொடங்கிவிடும்.

பிரைபர்க் நகரமே பார்க்கத்தக்கது. பழைய நகரின் தெருவோரங்களில் ஒரு முழ அகலத்துக்குச் சிறு நீரோடைகள் சலசலத்து ஓடுகின்றன. தவறி அதில் கால் வைத்துவிட்டால் அவ்வூரிலேயே வாழ்க்கைப்பட நேரும் என்பது ஊர்ப்பேச்சு. எங்கள் அன்னையரிடம் இதைச் சொன்னதும், "பார்த்து நட" என்று இரு வீட்டிலிருந்தும் எச்சரிக்கை வந்தது. நடுவே 116 மீட்டர் உயரக் கோபுரத்துடன் மாதா கோயில் நிற்கிறது. 1944 நவம்பர் 27 அன்று இரவு விழுந்த குண்டுகளால் சுற்றியிருந்த வீதிகள் பெரும்பாலும் அழிந்தும், அக்கோபுரம் விழவில்லை.

அங்கிருந்து மலை ரயிலில் ஏறி முக்கால் மணி நேரம் சென்றால் டிட்டிசே என்னும் ஏரி. கருங்காடு என்று பெயர் பெற்ற மலைத்தொடரின் நடுவே உள்ளது. எங்கள் வாழ்நாளில் முதன்முதலாகப் பனி விழக் கண்டது அங்கேதான். ஓசையே இல்லாமல் விழுகிறது. மழையைப் போல் அது ஆரவாரம் செய்வதில்லை. கூட்டமாக வந்திருந்தவர்கள் நடுவே நாங்கள் இருவர் மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம்.

மற்றொரு வாரம் சாப்ஹவுசன் நகரருகே ரைன் ஆற்றின் அருவி. 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். கரையில் நின்றபோது எங்களுக்கு வந்த நினைப்பை ஒளிக்காமல் சொல்கிறோம். தலைநகரில் பிறந்து வளர்ந்த நாங்கள் குற்றாலத்தை இன்றுவரை நாட்காட்டிப் படத்தில் அன்றி நேரில் கண்டதில்லை. ஐரோப்பாவின் பேரருவியைப் பார்த்துவிட்டோம். தாத்தாவின் ஊருக்குப் பக்கத்து அருவியைப் பார்க்கவில்லை. வருகிற சாரலில் அக்குறை தீரும் என நம்புகிறோம்.

பேசல் என்பது சுவிட்சர்லாந்தின் எல்லை நகரம். அங்கே ரைன் ஆற்றைக் கடக்க இயந்திரம் இல்லாத ஓடங்கள் உள்ளன. ஆற்றின் குறுக்கே கட்டிய இரும்பு வடத்தோடு ஓடம் பிணைக்கப்பட்டிருக்கும். நீரோட்டமே அதனை அக்கரைக்குத் தள்ளிச் செல்லும். அவ்வோடத்தில் எங்கள் எதிரே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், நாங்கள் யார் என்று வினவி அறிந்துகொண்டு சிரித்தார். தாமும் சிறு வயதில் அப்படிப் போனவரே என்றார். சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசும் பகுதியினர் தம் பெண்களைப் பிரெஞ்சு பேசும் பகுதிக்கு ஓராண்டு அனுப்பி, பிறர் குடும்பத்தில் தங்கி வீட்டு வேலையும் மொழியும் பழகச் செய்வது பழைய வழக்கமாம். "நல்ல வீடு வாய்த்ததா?" என்று எங்களைக் கேட்டார். ஒருத்தி உடனே "ஆம்" என்றாள். மற்றவள் ஆற்றைப் பார்த்தாள். மூதாட்டி அதைக் கவனித்துவிட்டார். "எனக்கும் முதல் வீடு நல்லதாக அமையவில்லை" என்று மட்டும் சொல்லி, கரை வந்ததும் இறங்கிப் போனார்.

அன்பர்களே! இங்கேதான் நாங்கள் வீட்டாரிடம் நெடுநாள் மறைத்த செய்தியைச் சொல்ல வேண்டும். எங்களுள் ஒருத்திக்கு வாய்த்த முதல் குடும்பத்தில் விதிகள் யாவும் தாளிலேயே இருந்தன. 6 மணி நேரம் 10 மணி நேரம் ஆயிற்று. குழந்தைகள் உறங்கிய பின் வீட்டார் அனைவரின் துணிக்கும் இஸ்திரி போட வேண்டும். சனிக்கிழமை காலையில் சன்னல் துடைக்க வேண்டும். விருந்தினர் வந்தால் மேசையில் அவளுக்கு இடம் இராது, அடுக்களையில்தான் உணவு. அடித்தார்களா? இல்லை. வைதார்களா? அதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் "எங்கள் குடும்பத்தில் ஒருத்தி அல்லவா நீ? இதைச் செய்யக் கூடாதா?" என்று இன்சொல்லே சொன்னார்கள். அவ்வின்சொல்தான் அவள் வாயைக் கட்டியது. குடும்பத்தில் ஒருத்தி என்றால் மணிக்கணக்குப் பார்க்கலாமா என்று அவளே தன்னைக் குற்றவாளியாக்கிக்கொண்டாள். வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது பனியையும் ஏரியையும் பற்றிச் சொன்னாளே அன்றி, இதைச் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஸ்ட்ராஸ்பர்க் நகருக்குச் சென்றோம். அது பிரான்சு நாட்டு எல்லை நகரம். கேல் என்னும் ஜெர்மானியச் சிற்றூர் வரை ரயில்; அங்கிருந்து டிராம் வண்டி ரைன் பாலத்தைக் கடந்து பிரான்சுக்குள் போகிறது. 2017 இல் ஏற்பட்ட வழி அது. இரு நாட்டுப் படைகளும் எதிர் நின்ற கரைகள் அவை. அன்று எங்களை நிறுத்திச் சீட்டுக் கேட்டவர்கூட எவருமில்லை. 142 மீட்டர் உயர மாதா கோயிலைப் பார்த்தோம். அதனுள் 1842 இல் புதுப்பித்து அமைத்த வானியல் கடிகாரத்தில், நண்பகல் கழிந்து அரை மணிக்கு ஏசுவின் சீடர் பன்னிருவரின் பொம்மைகள் வரிசையாக நகர்ந்து செல்வதைப் பார்த்தோம்.

ஐரோப்பிய அவை என்னும் அமைப்பின் தலைமையகம் அந்நகரில்தான் உள்ளது. ஓ-பேர் பற்றிய ஐரோப்பிய உடன்படிக்கை 1969 நவம்பர் 24 அன்று கையெழுத்துக்கு வைக்கப்பட்டதும் அந்நகரில்தான். ஆற்றங்கரைப் பலகையில் அமர்ந்து, கைப்பேசியில் அவ்வுடன்படிக்கையை நாங்கள் வரி வரியாகப் படித்தோம். இப்படி வருபவர் மாணவரும் அல்லர், தொழிலாளரும் அல்லர், இரண்டின் தன்மையும் உடைய தனி வகையினர் என்பது அதன் கருத்து. நாளுக்கு 5 மணிக்கு மேல் பொதுவாக வேலை கூடாது என்றும் கூறுகிறது. ஜெர்மனி அதில் ஒப்பமிட்டதே ஒழிய உறுதிசெய்து ஏற்கவில்லை என்பதையும் அறிந்தோம். ஆயினும் ஜெர்மனிக்கு அதன் சொந்த விதிகள் இருந்தன. எங்கள் பையில் இருந்த ஒப்பந்தத்திலும் அவை எழுதப்பட்டிருந்தன.

அன்றுதான் எங்களுள் அவளுக்குத் துணிவு வந்தது. நாங்கள் இருவருமாகச் சேர்ந்து, ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் வேலை நடந்தது என்று ஒரு தாளில் எழுதினோம். நான்கு வாரத்துக் கணக்கு அது. ஒப்பந்தப்படி இரண்டு வார அறிவிப்புக் கொடுத்தாள். முகவர் வேறு குடும்பத்தைக் காட்டினார். வெளிநாட்டினர் அலுவலகத்தில் முகவரியை மாற்றிப் பதிந்தார்கள். இரண்டாவது வீடு நல்ல வீடு. அங்கே அடுக்களைச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கியது. அதில் அவளுடைய ஓய்வு நாள்களைக் குடும்பத் தலைவி பச்சை மையால் முன்கூட்டியே வட்டமிட்டு வைத்திருந்தார். பச்சை வட்டத்தன்று குழந்தைகள் அவள் அறைக் கதவைத் தட்டக் கூடாது. தட்டமாட்டார்கள், கதவடியில் படம் வரைந்த தாளை நுழைத்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

பெரியம்மாவின் கேள்விக்கு இப்போது பாதி விடை கிடைத்திருக்கும். பிறர் வீட்டுப் பிள்ளையைத் தூக்குவதில் தாழ்வு ஏதும் இல்லை. தாழ்வு வருவது வேறு இடத்திலிருந்து. வேலைக்கு எல்லையும், ஓய்வுக்கு நாளும், உண்பதற்கு மேசையில் இடமும் இருந்தால் அது ஒரு வாழ்க்கை. இல்லையானால் எத்துணை இனிய சொல் சொன்னாலும் அது வேறொன்று. ஒரே நகரத்தில், ஒரே ஆண்டில், இரண்டையும் நாங்கள் கண்டோம்.

மீதி விடையை எங்களுக்குத் தந்தது அவ்விரண்டாம் வீட்டின் ஐந்து வயதுப் பெண் குழந்தை. 2024 மார்ச்சு மாதத்தில் ஒரு நாள், கைப்பேசியில் முகம் பார்த்து வீட்டாருடன் பேசிக்கொண்டிருந்தோம். குழந்தையும் அருகே அமர்ந்து, திரையில் தெரிந்த எங்கள் தில்லி வீட்டை வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் முதுகுக்குப் பின்னே, கையில் துடைப்பத்துடன் ஒருத்தி கடந்து போனாள். "அது யார்?" என்று கேட்டது குழந்தை. பெயரைச் சொன்னோம். "உன் அக்காவா?" "இல்லை. வீட்டில் வேலை செய்கிறாள், எங்களுடனே தங்கியிருக்கிறாள்." குழந்தைக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "ஓ, உங்கள் வீட்டு ஓ-பேர்!" என்று மகிழ்ந்தது. பிறகு கேட்டது: "அவளுக்குப் பச்சை வட்டம் எந்த நாள்?"

அக்கேள்விக்கு எங்களால் விடை சொல்ல இயலவில்லை. ஏனெனில் விடை இல்லை.

அவள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவள். எங்கள் வயதினள். நான்கு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருக்கிறாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் புடைவை உண்டு. காய்ச்சல் வந்தால் மருந்து உண்டு. எவரும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. "எங்கள் வீட்டுப் பெண் போல" என்றே நாங்கள் எல்லோரிடமும் சொல்லி வந்தோம். ஆம், அதே சொல். அடுக்களைத் தரையில் அமர்ந்து அவள் உண்பதையும், எல்லோரும் உறங்கிய பின் கூடத்தில் அவள் பாய் விரிப்பதையும் நாள்தோறும் பார்த்திருந்தும், அதுவரை நாங்கள் காணவில்லை. ஏறத்தாழ 4,000 கல்லுக்கு அப்பால், மற்றொருவர் அடுக்களையில், தனியே தட்டை வைத்துக்கொண்டு உண்ண நேர்ந்த பிறகே கண்டோம்.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூன் 16 அன்று வீட்டுப் பணியாளர்களுக்காக ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 189 ஆம் உடன்படிக்கை என்பது அதன் எண். வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமேனும் ஓய்வு வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஜெர்மனி 2013 இல் அதனை உறுதிசெய்தது. நம் நாடு மாநாட்டில் ஆதரித்து வாக்களித்தும் உறுதிசெய்யவில்லை. அரசு செய்யும்போது செய்யட்டும். ஒரு நாட்காட்டியும் பச்சை மையும் வாங்க நமக்கு எவருடைய ஒப்பமும் வேண்டுவதில்லை.

திரும்பி வந்த வாரத்தில் இதை அம்மாவிடம் சொன்னோம். அம்மா உடனே இசையவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல அவர்களிடமே இசைவு பெற்றிருக்கிறோம். "ஞாயிற்றுக்கிழமைதானே உறவினர் வருகிறார்கள், அன்றைக்கு இவள் இல்லாவிட்டால் எப்படி?" என்றார்கள். "முப்பது ஆண்டு நான் எந்த ஞாயிற்றில் ஓய்ந்திருந்தேன்?" என்றும் கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்கு நாங்கள் தலைகுனிந்தோம். ஞாயிறு காலைச் சமையலை அப்பாவும் நாங்களும் ஏற்றுக்கொள்வது என்று அன்றே முடிவாயிற்று. அப்பாவின் உப்புமா இப்போது உண்ணத்தக்க நிலைக்கு வந்திருக்கிறது.

முதல் ஓய்வு நாளன்று அவளிடம், "எங்கே போக விரும்புகிறாய்? குதுப் மினாருக்கு நாங்கள் அழைத்துப் போகிறோம்" என்றோம். சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "நான் தனியாகவே போய் வருகிறேன்" என்றாள். மெட்ரோச் சீட்டு வாங்கும் முறையை மட்டும் கேட்டு அறிந்துகொண்டாள். காலை ஒன்பது மணிக்குப் போனவள் மாலை விளக்கு வைத்த பின் திரும்பினாள். அம்மா நான்கு முறை வாசலுக்குப் போய்ப் பார்த்தார்கள். எங்கே போனாள் என்று நாங்கள் கேட்கவில்லை. பிரைபர்க்கில் எங்களையும் எவரும் கேட்டதில்லை. மறு வாரமும் போனாள்.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள் என்று தமிழாசிரியர்கள் சொல்வார்கள். புதிதாக நம் வாயிலுக்கு வருபவரே விருந்தினர். நம் பெற்றோர் ஊரையும் உறவையும் விட்டு இத்தலைநகருக்கு வந்தபோது அவர்களும் புதியவர்களே. மொழி தெரியாமல், வாடகைக்கு வீடு கிடைக்காமல் பட்ட பாட்டை இச்சங்கத்தின் மூத்தோர் ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் எடுத்துச் சொல்லக் கேட்டிருக்கிறோம். நம் வீடுகளில் இன்று துடைப்பத்துடன் நடமாடும் பெண்களும் ஊர் விட்டு வந்த புதியவர்கள்தாம். அவர்களுக்கென்று ஒரு சங்கமோ ஆண்டு விழாவோ இருப்பதாக நாங்கள் இங்கே கண்டதில்லை.

ஆகவே, இவ்வவையில் ஒரு வேண்டுகோள். நம் காலனியில் தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றும், தம் வீட்டில் பணி செய்பவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று எழுதி வைக்க வேண்டும். வாய்ச்சொல்லாக அன்று, சுவரில் எழுதி வைக்க வேண்டும். சங்கம் ஆண்டுதோறும் வழங்கும் நாட்காட்டியே அதற்குப் போதும்.

எங்களைப் போல் அயல்நாடு செல்ல விரும்பும் தங்கைகளுக்கும் ஒரு சொல். போங்கள், மொழி கற்றுக்கொள்ளுங்கள், சனிக்கிழமைதோறும் ஊர் பாருங்கள். ஒப்பந்தத்தைப் பையிலேயே வைத்திருங்கள். துன்பம் நேர்ந்தால் பனியைப் பற்றி மட்டும் வீட்டுக்குச் சொல்லாதீர்கள், அதையும் சொல்லுங்கள். பெற்றோர்களே, அவர்கள் சொல்லும்போது "அப்போதே சொன்னேனே" என்று சொல்லாதிருங்கள்.

பெரியம்மா! பிறர் வீட்டுப் பிள்ளையைத் தூக்கத்தான் போனோம். தூக்கினோம். அப்பிள்ளைகள் கதவடியில் நுழைத்த படங்கள் பதினேழு, இதோ இக்கோப்பில் இருக்கின்றன. விழா முடிந்ததும் உங்களிடம் காட்டுகிறோம்.